ஒரே பாடத்தை வைத்து கோர்ஸை முடிக்கும் வழி

மொழி கற்பித்தலில் தொழில்நுட்பம் என்று ஆன்லைனில் ஒரு கோர்ஸில் சேர்ந்துவிட்டு, மூன்றாவது வாரத்தோடு நின்றவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். பெங்களூரில் வார இறுதியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் யாரைக் கேட்டாலும் பாதியில் விட்ட கோர்ஸ் ஒன்று இருக்கும். கேட்டால் நேரமில்லை என்பார்கள். நேரமும் ஒரு காரணம்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு புதுக் கருவியைக் காட்டி, அதற்கு ஒரு அசைன்மென்ட் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் பாடம் யோசித்துக்கொண்டிருந்தால் யாருக்குமே அலுத்துப்போகும்.

அதனால் சேர்ந்த அன்றே முதல் வீடியோவை விட்டுவிட்டு, கடைசி அசைன்மென்ட் என்ன கேட்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பாடத்திட்டம், அதற்கு நீங்கள் உருவாக்கிய டிஜிட்டல் பயிற்சி ஒன்று, வகுப்பில் பயன்படுத்தியபின் ஒரு குறிப்பு, இவ்வளவுதான் இருக்கும். அப்புறம் உங்கள் வகுப்பில் பிள்ளைகள் உண்மையாகவே திணறும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம்வரை எல்லா அசைன்மென்டையும் அந்த ஒன்றிலேயே செய்யுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது ழகரம். வார நாளில் எனக்கு மெஜஸ்டிக் பக்கம் கணக்கு வேலை, சனிக்கிழமை அல்சூரில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள்தான், ஆனால் பள்ளியில் படிப்பது கன்னடமும் ஆங்கிலமும். கன்னடத்தில் லகரமும் ளகரமும் உண்டு, அதனால் அந்த இரண்டும் இவர்களுக்குத் தகராறு இல்லை. ழகரம் பழைய கன்னடத்தோடு போய்விட்டது. மழை அங்கே ‘மளெ’, ஏழு ‘ஏளு’, கோழி ‘கோளி’. ஆகவே “மிஸ், வெளியே மளை” என்றுதான் வரும். பிள்ளைகளுக்கு அறிவில்லை என்று திட்டுவதற்கு இதில் எதுவும் இல்லை. ஒரு மொழியின் பழக்கம் இன்னொன்றில் வந்து உட்கார்கிறது, அவ்வளவுதான். இதை அப்படியே முதல் வார அசைன்மென்டில் ‘கற்பவர் தேவை’ என்ற தலைப்பின்கீழ் எழுதலாம். திருத்துபவர்கள் விரும்புவது இப்படிப்பட்ட குறிப்பைத்தான். ‘மாணவர்களுக்கு ஆர்வத்தைத் தூண்டுவது’ என்று பொதுவாக எழுதினால் மதிப்பெண் குறையும், உங்களுக்கும் எழுத வராது.

ஒலிப்பதிவு வாரம் வரும்போது, ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறும் இணைச்சொற்களைப் பட்டியல் போடுங்கள்: வலி, வழி, வளி, வால், வாழ், வாள், கிலி, கிழி, கிளி. கைப்பேசியில் இருக்கும் ரெக்கார்டரே போதும், மைக் வாங்க வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள், குக்கர் அடுப்பில் இல்லாத நேரமாகப் பாருங்கள், போனை வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் பகரம் வரும்போதெல்லாம் காற்று வந்து அடிக்கும். ஒவ்வொரு சொல்லையும் தனிக் கோப்பாகச் சேமித்துப் பெயர் வையுங்கள். ஒரே நீளப் பதிவாக வைத்துக்கொண்டால் பின்னால் வெட்டியே பொழுது போய்விடும். இன்னொருவர் குரலும் சேர்ப்பது நல்லது. எங்கள் வீட்டில் மாமியாரைப் படிக்க வைத்தேன். தஞ்சாவூர்க்காரர், அவர் ழகரத்துக்கு முன்னால் என்னுடையது நிற்காது. கணினிக் குரலைப் பயன்படுத்தச் சொல்லி கோர்ஸில் காட்டுவார்கள். வாக்கியத்துக்குச் சரி, ஆனால் ஒலியையே கற்பிக்கும் பாடத்துக்கு மனிதக் குரல்தான் வேண்டும் என்பது என் கட்சி.

பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்து அசைன்மென்டோடு அனுப்புவதாக இருந்தால் பெற்றோரிடம் முன்கூட்டி எழுதி வாங்கிவிடுங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குழந்தைகள் என்றே கணக்கில் எடுக்கிறது.

பயிற்சி உருவாக்கும் வாரத்தில்தான் பலர் கழன்றுகொள்கிறார்கள். கருவி ஏழெட்டு காட்டுவார்கள். எல்லாவற்றிலும் கணக்குத் திறக்காதீர்கள். எனக்குப் பிடித்தது எச்5பி (H5P), திரையில் செய்யும் பயிற்சிகளை உருவாக்கும் கருவி. இலவசம், திறமூலம். லூமி என்ற செயலியைக் கணினியில் போட்டுக்கொண்டால் இணையம் இல்லாமலே பயிற்சி செய்து, உலாவியில் திறக்கும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அதில் சொல்வதெழுதுதல் வகை ஒன்று இருக்கிறது: ஒலியைக் கேட்டு மாணவர் தட்டச்சு செய்ய வேண்டும், கருவியே திருத்திவிடும்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, கோர்ஸ் நடத்துபவர்கள் சொல்ல மாட்டார்கள். ‘வௌவால்’ என்று அடிக்கும்போது ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு ‘வெளவால்’ என்று அடித்துவிடுவார்கள். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் கணினி எழுத்துகளை அடையாளம் காணும் யூனிகோடு முறையில் இரண்டும் வேறு. கருவி தவறு என்று காட்டும், பிள்ளை அழும், பெற்றோர் உங்களுக்குப் போன் செய்வார்கள். சொல்லின் கடைசியில் விழும் வெற்று இடமும் சில கருவிகளில் இதே வேலையைச் செய்யும். ஆகவே சிறு பிள்ளைகளுக்குத் தட்டச்சே வேண்டாம்; ஒலியைக் கேட்டு மூன்றில் ஒன்றைத் தொடும் பயிற்சியாக வையுங்கள். பெரியவர்களுக்குத் தட்டச்சு வைத்தால், சிக்கல் வரக்கூடிய சொல்லைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பயிற்சித்தாள் கையில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றாமல் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

படங்களை விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் எடுத்து, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் கீழே போடுங்கள். பாடநூல் பக்கத்தை ஸ்கேன் செய்து ஒட்டுவது வேண்டாம்.

கோட்பாட்டு வீடியோக்களை மெட்ரோவில் பார்க்கலாம், இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி. ரோடு தாண்டியதும் வண்டி பூமிக்குள் இறங்கிவிடும், சிக்னலை நம்ப முடியாது. தேர்வுக்கு இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று புவென்டெடுராவின் சாமர் (SAMR) படிநிலை. தொழில்நுட்பம் பழைய வேலைக்கு மாற்றாக நிற்பதில் தொடங்கி, முன்பு செய்யவே முடியாத வேலையைச் செய்ய வைப்பதுவரை நான்கு படி. இன்னொன்று மிஷ்ராவும் கோலரும் 2006-இல் எழுதிய டீபேக் (TPACK). பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் சேரும் இடம். இரண்டுக்கும் உங்கள் ழகரப் பாடத்தையே உதாரணமாக எழுதிவிடலாம். தாளில் இருந்த சொற்பட்டியலைத் திரையில் காட்டினால் முதல் படி, தொட்டால் ஒலிக்கும்படி செய்தால் இரண்டாவது. மேலே ஏறினால்தான் உயர்வு என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல நாள் வகுப்புக்கு இரண்டாம் படியே தாராளம். இதைக் காரணத்தோடு எழுதினால் மதிப்பெண்ணும் வரும்.

வகுப்பில் பயன்படுத்தியபின் எழுதும் குறிப்புக்கு ஆதாரம் கேட்பார்கள். பாடத்துக்கு முன் ஒரு முறையும், சில வாரம் கழித்து ஒரு முறையும் அதே சொற்களைப் பிள்ளைகளைச் சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள். முன்னேற்றம் இல்லாத சொல்லையும் மறைக்காமல் போடுங்கள். ‘ஏழு’ சீக்கிரம் வந்துவிடுகிறது, ‘வாழைப்பழம்’ வர நாளாகிறது, ஒரே சொல்லில் இரண்டு இருக்கிறதே! அடுத்து என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே கிடைத்துவிடும்.

மத்திய அரசின் ஆன்லைன் கல்வித் தளமான ஸ்வயத்தில், ஐஐடிக்கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் (NPTEL) கோர்ஸ் என்றால் மதிப்பெண் கணக்கை இப்போதே புரிந்துகொள்ளுங்கள். அசைன்மென்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. மொத்தம் 40 வந்தால் போதும் என்று கூட்டிப் பார்க்காதீர்கள். 25-க்கு 10-ம் 75-க்கு 30-ம் தனித்தனியே எடுத்தாக வேண்டும். 12 வாரக் கோர்ஸில் சிறந்த 8 அசைன்மென்டையும், 8 வாரக் கோர்ஸில் சிறந்த 6-ஐயும்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஊரில் கல்யாணம், வீட்டில் காய்ச்சல் என்று ஓரிரு வாரம் போனால் கோர்ஸே போயிற்று என்று விட்டுவிட வேண்டாம். சக மாணவர்கள் திருத்தும் முறை இருக்கும் தளங்களில் இன்னொன்றைக் கவனியுங்கள்: மற்றவர்களுடையதை நீங்கள் திருத்தி முடிக்காதவரை உங்கள் மதிப்பெண் வராமல் நிற்கலாம். அனுப்பிய கையோடு அதையும் முடித்துவிடுங்கள்.

பெயரைப் பதிவு செய்யும்போது நம்மவர்களுக்கு வரும் தலைப்பெழுத்துத் தொல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரில் ஒற்றை எழுத்து, பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், தேர்வு மையத்துக்கு எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ அதில் இருப்பதையே போடுங்கள். சான்றிதழிலும் அதுதான் அச்சாகும். கோர்ஸ் பக்கம் மூடுவதற்குள் நீங்கள் ஏற்றிய கோப்புகள், திருத்துபவர் எழுதிய கருத்துகள் எல்லாவற்றையும் இறக்கி ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.