கிரி-கிரி பாறையோரம் ஓவியர் ஈவ் டாங்கி பாணியில் ஒரு நிலக்காட்சி வரைய

மொரீஷியஸின் மற்றக் கரைகளில் பவளத்திட்டு அலையைத் தடுத்து, கடலைக் குளம்போல ஆக்கிவிடும். தெற்கே சூயாக்கில், கிரி-கிரியில் அந்தத் தடுப்பு இல்லை. அலை நேராக வந்து கரும்பாறையில் அறையும். நான் வளர்ந்தது அந்தச் சத்தத்தில். கனவில் வருவதுபோன்ற வெளிகளை வரைந்த பிரெஞ்சு சர்ரியலிச ஓவியர் ஈவ் டாங்கியின் படமொன்றை முதன்முதலாக அச்சில் பார்த்தபோது, "இது நம்ம சூயாக்" என்றேன்.

அவருடைய கரை பிரான்ஸின் வடமேற்கிலுள்ள பிரிட்டனி. 1900-இல் பாரிஸில் பிறந்தார், கடற்படைக்காரர் மகன். அம்மாவின் பூர்வீகம் பிரிட்டனி என்பதால் விடுமுறையெல்லாம் அங்கே, லோக்ரோனானில். வணிகக் கப்பலில் வேலை பார்த்தார், ராணுவத்தில் இருந்தார். பிறகு ஒருநாள் பாரிஸில் பேருந்தில் போகும்போது, கடைக் கண்ணாடிக்குப் பின்னே இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ டி கிரிகோவின் படத்தைக் கண்டு இறங்கி ஓடினார் என்பார்கள். எந்த ஓவியப் பள்ளியிலும் படிக்காதவர். அதனால்தான் என் மாணவர்களுக்கு முதலில் அவரைக் காட்டுகிறேன்.

முதல் வேலை, காற்று: வெறும் வானமும் வெறும் தரையும். பொருட்களை நினைக்கவே வேண்டாம். 40×30 செ.மீ. கித்தான் போதும். அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும், நிறம் நிறத்தோடு கரையாது. எண்ணெய் வண்ணமே வாங்குங்கள். அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு, வெள்ளை மூன்றிலேயே வேண்டிய சாம்பல் எல்லாம் கிடைக்கும். முதல் பூச்சை டர்பன்டைன் விட்டு மெலிதாக்குங்கள். மேல் பூச்சுகளில் ஆளிவிதை எண்ணெய் கூடிக்கொண்டே போகவேண்டும். வரிசை மாறிப்போனால் பிறகு பூச்சில் வெடிப்பு விழும். கீழே அடர்சாம்பல், நடுவில் வெளிறல், மேலே மறுபடி நீலம். ஈரமாக இருக்கும்போதே அகலமான மென்தூரிகையை உலர்வாகப் பிடித்து, இடவலமாக வருடிக்கொண்டே இருங்கள். டாங்கியின் 1927-ஆம் ஆண்டுப் படங்களில் தொடுவானம் கோடாகத் தெரியும். பிந்தையவற்றில் நிலம் எங்கே முடிந்தது, வானம் எங்கே தொடங்கியது என்று சொல்லமுடியாது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மழைக்கு முந்தைய கிரி-கிரியும் அப்படித்தான் இருக்கும்.

ஒரு வாரம், ஜனவரிப் புழுக்கத்தில் அதற்கும் மேலே, காயவிடுங்கள்.

"அத்தை, என்ன வரையப்போறோம்னு தெரியாம எப்படி ஆரம்பிக்கிறது?" என்று அண்ணன் மகள் கேட்டாள். டாங்கியும் முன்கூட்டியே திட்டம் போட்டதில்லை. ஓர் உருவம் வர, அது அடுத்ததைக் கூப்பிடும். மெல்லிய வண்ணத்தால் ஒரு கூழாங்கல் அளவு வையுங்கள். மீன், எலும்பு, பல் என்று பெயர் சொல்லமுடிந்தால் துணியால் துடைத்துவிட்டு வேறு திசையில் வளையுங்கள். தொடுவானத்தை நெருங்க நெருங்க உருவங்கள் சிறுத்து வெளிறட்டும். முதல் படத்துக்கு ஐந்து உருவங்கள் போதும். 1954-இல் அடிவானம்வரை கற்களாக நெருக்கி அவர் வரைந்த 'வளைவுகளின் பெருக்கம்' முப்பது வருடப் பழக்கத்தின் விளைவு.

இனி நிழல். படம் நிற்பதும் விழுவதும் இதில்தான். என் முதல் படத்தில் ஒவ்வொரு நிழலும் ஒவ்வொரு பக்கம் போனது. உருவங்கள் தரையில் ஊன்றவே இல்லை, படத்தையே கைவிட்டேன். இல்லாத பொருளை நம்பவைப்பது இருக்கிற வெளிச்சம். இரவில் மேசைமேல் கூழாங்கற்களை வைத்து, ஒரே விளக்கைத் தாழ்வாகப் பக்கத்தில் பிடித்து, நிழலின் நீளத்தையும் சாய்வையும் பார்த்து வரையுங்கள். விளிம்பு கத்தி வெட்டினாற்போல் இருக்கட்டும். கறுப்பு வேண்டாம்; அந்த இடத்துத் தரை நிறத்திலேயே அம்பரையும் நீலத்தையும் கூட்டினால் போதும்.

பளிச் நிறங்களைக் கடைசிக்கு வையுங்கள். டாங்கி 1939-இல் அமெரிக்கா போய், மறு ஆண்டு ஓவியர் கே சேஜை மணந்து, கனெக்டிகட்டின் உட்பரியில் குடியேறிய பிறகுதான் அவர் நிறங்கள் பிரகாசமாயின. நான் எங்கள் தீவின் ஷமரேல் ஏழுவண்ண மண்ணின் துருச்சிவப்பை ஒரே ஒரு உருவத்துக்குத் தருவேன்.

தலைப்புக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். 1927 கண்காட்சிக்காக சர்ரியலிசக் குழுவின் தலைவர் ஆந்த்ரே ப்ரெத்தோனோடு உட்கார்ந்து, மனநோய் மருத்துவ நூல்களில் நோயாளிகள் சொன்ன வாக்கியங்களைத் தேடினார். 'அம்மா, அப்பாவுக்குக் காயம்!' என்ற பெயர் அப்படி வந்தது என்பார்கள். நீங்கள் வீட்டில் காதில் விழுந்த வாக்கியத்தை எடுக்கலாம். எங்கள் ஆயா கடைசிக் காய்ச்சலில், "கதவைச் சாத்து, கடல் உள்ள வருது" என்றாள். அண்ணன் மகள் தன் கித்தானின் பின்பக்கச் சட்டத்தில் அதைத்தான் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறாள்.