தெலுக் இந்தானில் ஒரு பழைய வீடு: குடும்பமாக ஊருக்கு வருகிறவர்களுக்கு

லண்டனிலும் மெல்பர்னிலும் இருக்கும் மலேசியத் தமிழர்கள் "ஊருக்குப் போகிறோம்" என்று சொன்னால், பாதிப்பேர் மனதில் இருப்பது ஒரு தோட்டம்தான். அந்தத் தோட்டத்தில் இன்று தங்க இடமில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைப் பல இடங்களில் இடித்துவிட்டார்கள். சொந்தங்கள் பக்கத்துத் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், இரண்டு மூன்று அறை வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். நாம் பெட்டியோடு போய் இறங்குவது அந்தச் சின்ன வீடுகளில்தான்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் பெரியம்மா வீட்டில் பதினான்கு பேர். எழுபது வயது தாண்டியவர், விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து எங்களுக்கு இட்லி ஊற்றினார். மூன்றாம் நாள் கால் வீங்கிவிட்டது. அவரைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தோம். அடுப்படியை விட்டு அவரை வரவிடவில்லை. அடுத்த முறை, பேராக் மாநிலத்தில் இருக்கும் தெலுக் இந்தான் டவுனில் ஒரு பழைய கடைவீட்டை (கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டியது) ஐந்து இரவுக்கு முழுதாக எடுத்தோம். பெரியம்மாவை விருந்தாளியாக அங்கே அழைத்து வந்து உட்கார வைத்தோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் தெலுக் இந்தான் என்றால், சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் அதுதான் டவுன். சம்பளம் போட்டதும் பஸ் ஏறி வந்து துணி எடுத்ததும், நகை அடகு வைத்ததும், படம் பார்த்ததும் அங்கேதான். பேராக் ஆற்றங்கரையில் துறைமுகமாக வளர்ந்த ஊர். பெரியவர்கள் இன்னும் தெலுக் ஆன்சன் என்றே சொல்வார்கள். 1982-இல்தான் பழையபடி இந்தான் ஆயிற்று. நடுவே சாய்ந்த கோபுரம். 1885-இல் லியோங் சூன் சோங் என்ற சீன ஒப்பந்ததாரர் கட்டியது. வெளியே பார்த்தால் எட்டு அடுக்கு, உள்ளே மூன்றே மாடிகள். மேலே தண்ணீர்த் தொட்டி. அந்தப் பாரமும் அடியில் இருந்த இளகிய மண்ணும் சேர்ந்து கோபுரத்தைச் சாய்த்துவிட்டன. கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு கிடைத்தால் விடாதீர்கள். வயதானவர்கள் அஞ்சடியில், அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையில், நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே போதும், "இந்த முக்கில்தான் உன் தாத்தா வெற்றிலை வாங்குவார்" என்று தானாகப் பேச்சு வரும்.

வீடு பார்க்கும்போது படத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். கடைவீடு என்றால் அகலம் குறைவு, நீளம் அதிகம். நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் சமையலறை, மேலே மரப்பலகைத் தளம். மாடிப்படி செங்குத்தாக இருக்கும். கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும், உட்காரும் வகைக் கழிவறையும் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் முதல் முன்பதிவில் இதைக் கேட்கவில்லை. அம்மா ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்கியதைப் பார்த்த பிறகு, இரண்டாம் இரவே கூடத்தில் மெத்தை போட்டுக் கொடுத்தோம். அப்புறம், மாடியில் நடந்தால் கீழே தூங்குகிறவருக்குப் பலகை கிறீச்சிடும். பிள்ளைகளை மாடியில் படுக்க வைப்பதானால் பெரியவர்களுக்குப் பின்கட்டு அறையைக் கொடுங்கள்.

அடுத்த கேள்வி, பக்கத்து மாடியில் பறவை வளர்க்கிறார்களா என்பது. இந்தப் பகுதியில் பழைய கடைகளின் மேல்மாடியை உழவாரன் குருவிகள் கூடு கட்ட விட்டுவிடுகிறார்கள்; சாப்பிட வாங்குவதால் அந்தக் கூட்டுக்கு நல்ல விலை. குருவிகளை வரவழைக்க ஒலிபெருக்கியில் பதிவு செய்த கீச்சொலி போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஓய்வெடுக்க வந்த வீட்டில் நாள் முழுதும் அதைக் கேட்பது சிரமம்.

சமையலறையையும் விசாரியுங்கள். பதினைந்து பேருக்குச் சோறாக்கும் பானை எந்த வாடகை வீட்டிலும் இருக்காது. சொந்தக்காரர் யாரிடமாவது ஒரு பெரிய சட்டி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் ஐந்து நாளும் கவலையில்லை. கோயிலுக்கு விரதம் இருப்பவர்கள் கூட வந்தால், அந்த அடுப்பில் மாட்டிறைச்சி, பன்றி சமைத்திருப்பார்களா என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பலவகை மக்களுக்கு வீடு விடுகிறவர்களுக்கு இது பழகிய கேள்வி.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை, வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை. வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோலாலம்பூரிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். ரயில் தெலுக் இந்தான் வரை இப்போது இல்லை, தாப்பா ரோட்டில் இறங்க வேண்டும். பெரிய குடும்பத்துக்கு ஓட்டுநரோடு வேன் எடுப்பதுதான் நிம்மதி. வழியில் பீடோரில் நிறுத்திக் கொய்யா வாங்குங்கள், பார்க்கப் போகிற வீடுகளுக்குக் கொடுக்க ஆகும்.

எப்போது வருவது? சித்ரா பௌர்ணமிக்கு, அதாவது ஏப்ரல் அல்லது மே மாதத்தில். நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலில் அது பெரிய விழா. தோட்டம் விட்டுச் சிதறிப்போன குடும்பங்கள் பலவும் அப்போது ஊரில் கூடும். பார்க்க வேண்டியவர்களை வீடு வீடாகத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்த வாரத்துக்கு வீடு பல மாதம் முன்பே பிடித்தாக வேண்டும். சீனப் புத்தாண்டு வேண்டாம். பாதிக் கடை மூடியிருக்கும்.

சாப்பாட்டுக்குக் காலை பாசாருக்கு (சந்தைக்கு) பெரியம்மாவையும் கூட்டிப் போங்கள். ஆற்று இறாலை அவர் பேரம் பேசுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். ஒரு வேளை வீட்டில் சமைத்தால் போதும், மற்ற வேளைக்கு ஒட்டுக்கடை, அதாவது தெருவோரச் சாப்பாட்டுக்கடை, இருக்கிறது. காலையில் ரொட்டி சானாயும் (பரோட்டா மாதிரி) தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ). இந்த ஊர் சீ சோங் ஃபான் என்ற அரிசிமாவுச் சுருள் தனி ரகம். குழம்பு ஊற்றாமல், காய்ந்த இறாலும் செங்குவாங் கிழங்கும் உள்ளே வைத்துத் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். சில கடைகளில் பன்றி சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள்.

ஐந்து நாளில் ஒரே ஒரு நாளைத்தான் தோட்டத்துக்கு ஒதுக்கச் சொல்வேன், அதையும் வார நாளில். செம்பனைத் தோட்டங்களுக்கு வாசலில் காவல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் மூடியிருக்கும், அனுமதி கொடுக்க ஆள் இருக்காது. கோயிலுக்கு வந்தோம், இங்கே பிறந்தவர்கள் என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டினால் எங்களை மரியாதையாகவே விட்டார்கள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், செம்மண் பாதையில் வேன் மாட்டிக்கொள்ளும். கொசு மருந்தும், பெரியவர் உட்கார மடக்கு நாற்காலியும் வேனில் இருக்கட்டும்.

போகும் முன் ஒன்றைச் செய்தாக வேண்டும். நம் ஆட்கள் தோட்டங்களுக்குத் தாங்களே தமிழ்ப் பெயர் வைத்து அழைத்தார்கள். அந்தப் பெயரை வரைபடத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. முதல் இரண்டு நாள் வீட்டிலேயே இருந்து, தே ஓ (பால் இல்லாத டீ) போட்டுக் கொடுத்து, பெரியவர்களிடம் கேளுங்கள்: கம்பெனிப் பெயர் என்ன, எந்த டிவிஷன், எந்தக் கங்காணி, எந்தப் பள்ளிக்கூடம், லயத்தில் பக்கத்து வீடு யார். ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தோட்டப் பெயர் பதிந்திருக்கலாம், அதன் படத்தையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் லயம் இருந்த இடத்தில் செம்பனைதான் நிற்கிறது. பெரியம்மா தோட்டத்துக் கோயிலிலிருந்து காலடி எண்ணி நடந்து, "இதுதான் நம்ம வாசல்" என்று ஒரு மரத்தடியைக் காட்டினார். நாற்காலியை அங்கே போட்டோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு வீட்டுப் பெயரையும் வரிசையாகச் சொன்னார், அண்ணன் மகள் எழுதிக்கொண்டாள்.