தோட்டத்தில் நீராவி ரயில்: லோகோ ஷெட்டும் பாதையும் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்தில் மாடல் ரயில் ஓட்டும் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது எஞ்சினைத்தான். பாதித் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் எதையும் ‘ஜி ஸ்கேல்’ என்று சொல்லி விற்றுவிடுவார்கள். அந்த ஒரே பெயருக்குள் பல அளவுகள் இருக்கின்றன. 1968-ல் ஜெர்மனியின் மாடல் ரயில் கம்பெனியான எல்ஜிபி கொண்டுவந்த 1:22.5 அளவு (நிஜத்தில் 22.5-ல் ஒரு பங்கு) மீட்டர்கேஜுக்கானது, அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதைக்கானது. ஆயிரம் மில்லிமீட்டரை 22.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 44.4 வரும். 1:32 என்பது ஐரோப்பாவின் ஸ்டாண்டர்ட் கேஜுக்கானது (1435 மில்லிமீட்டர் அகலப் பாதை). இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் என்பதால் கலந்து வாங்குகிறோம். ஷெட் வாசலில் ஆட்களை நிறுத்தும்போதுதான் குட்டு உடையும். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஐந்தரை அடி ஃபயர்மேன் முதல் அளவில் ஏழரை சென்டிமீட்டர், இரண்டாவதில் ஐந்தேகால். டிரைவர் அப்பா, ஃபயர்மேன் பையன் என்று ஆகிவிடும்.

நமக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. எழும்பூரிலிருந்து விழுப்புரம், திருச்சி, மதுரை என்று தெற்கே போன பாதையே ஒரு காலத்தில் மீட்டர்கேஜ். அதில் ஓடிய ஒய்.பி. (பயணிகள் ரயில்), ஒய்.ஜி. (சரக்கு ரயில்) எஞ்சின்களை நாமே கட்ட வேண்டி வந்தாலும், தண்டவாளமும் பாயிண்ட்டும் (தடம் பிரியும் இடம்) பொம்மை ஆட்களும் 1:22.5-ல் கடையில் வாங்கியதே பொருந்தும். அகலப்பாதை எஞ்சின்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 1676 மில்லிமீட்டருக்குக் கணக்கு 1:37-ல் போய் நிற்கும். அந்த அளவில் கடைச் சரக்கை நம்பி இறங்க வேண்டாம்.

அடுத்து வளைவு. எல்ஜிபியின் மிகச் சிறிய வளைவுக்கு ஆரம் 60 சென்டிமீட்டர். நிஜ அளவில் அது வெறும் பதின்மூன்றரை மீட்டர்! நீலகிரி மலைப்பாதையின் மிக நெருக்கமான வளைவே சுமார் 100 மீட்டர் ஆரம் கொண்டது. அதை அப்படியே குறைத்தால் 4.4 மீட்டர் வேண்டும். யார் வீட்டிலும் அவ்வளவு இடம் இருக்காது, சமரசம் தவிர்க்க முடியாதது. ஆனால் டெண்டரோடு (கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) 19 மீட்டர் நீளமுள்ள ஒய்.பி. மாடலில் 85 சென்டிமீட்டர் வரும். அதற்கு இரண்டு மீட்டர் ஆரமாவது ஒதுக்குங்கள். முடியாதென்றால் டெண்டர் இல்லாத சிறிய டேங்க் எஞ்சினுக்கு மாறிவிடுவதே மரியாதை.

நீலகிரியைப் பார்த்து ஏற்றம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அந்த ஏற்றம் கல்லாறு முதல் குன்னூர் வரை நடுவில் எஞ்சினின் பல்சக்கரம் கவ்வும் பல்தண்டவாளம் இருப்பதால்தான் சாத்தியம். அங்கே எஞ்சினும் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறது. பல்தண்டவாளம் இல்லாத தோட்டத்தில் மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள்.

இனி ஷெட். பலர் இதை அழகான கட்டடமாக மட்டும் நினைத்து, தோட்டத்தின் மூலையில் ஒற்றைத் தடம் இழுத்து, கடைசியில் கூரை போட்டு முடித்துவிடுகிறார்கள். ஷெட் என்பது வேலை நடக்கும் இடம். வந்து சேர்ந்த எஞ்சின் கரி ஏற்ற வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், நெருப்பைச் சுத்தம் செய்து சாம்பல் குழியில் கொட்ட வேண்டும், திரும்ப வேண்டும், அப்புறம்தான் கூரைக்குள் போகும். வரிசை ஷெட்டுக்கு ஷெட் முன்பின் மாறலாம். எப்படியானாலும் உள்ளே வருகிற எஞ்சின் வெளியே போகிற எஞ்சினை மறிக்கக்கூடாது. குறைந்தது இரண்டு தடம் வேண்டும். கரி மேடைக்குக் கரி எப்படி வந்தது? வேகன் நிற்க ஒரு சைடிங் (ஒதுக்குத் தடம்) வேண்டும். சாம்பல் எப்படிப் போகும்? குழிக்குப் பக்கத்தில் இன்னொன்று. இந்த இரண்டு சைடிங்கும் இருந்தாலே ஷண்டிங் (வேகன்களைத் தடம் மாற்றி நிறுத்துவது) செய்ய நாள் முழுக்க வேலை கிடைக்கும். எஞ்சினை நிறுத்திச் சுழற்றும் 90 சென்டிமீட்டர் டர்ன்டேபிளுக்கு இடமில்லையா, முக்கோணத் தடம் போட்டும் எஞ்சினைத் திருப்பலாம். நிஜ ரயில்வேயிலும் அந்த வழக்கம் உண்டு.

ஷெட்டைச் சுற்றிப் புல் வளர்ப்பதுதான் எனக்குப் பொறுக்காத தவறு. கரித்தூளும் எண்ணெயும் ஊறிய மண்ணில் எது முளைக்கும்? தரை கறுப்பாக இருக்கட்டும். சாம்பல் குழி ஓரத்தில் மட்டும் வெளிறிய சாம்பல், நடுநடுவே கண்ணாடி போல மின்னும் பழுப்புக் கிளிங்கர் (உருகி உறைந்த சாம்பல்) கட்டிகள். கூரையில் புகைபோக்கி வைக்க மறக்காதீர்கள், அதைச் சுற்றி மட்டும் கரியைப் பூசுங்கள். காலத்தையும் பாருங்கள். தென்னிந்திய ரயில்வே கம்பெனி (எஸ்.ஐ.ஆர்.) 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வேக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கட்டிய ஒய்.பி.யில் எஸ்.ஐ.ஆர். என்று எழுதினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

பாதை போடுவதில் பெரிய தவறு சிமென்ட். அசையக்கூடாது என்று தண்டவாளத்தைக் கான்கிரீட்டில் பதித்துவிடுவார்கள். விடியற்காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் தண்டவாளத்தின் சூடு 40 டிகிரி மாறினால், 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம் ஏழரை மில்லிமீட்டர் நீளும். நீள வழியில்லாவிட்டால் பக்கவாட்டில் வளையும், ஸ்லீப்பர் கட்டைகளின் பிடியிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். அடியில் கெட்டியான தளம் இருக்கட்டும். தண்டவாளம் அதன் மேல் ஜல்லியில் மிதக்க வேண்டும், இணைப்புகளில் இடைவெளி வேண்டும். உச்சி வெயிலில் போட்டால் சிறிய இடைவெளி, காலையில் போட்டால் பெரியது.

ஜல்லியிலும் ஏமாறுவோம். நிஜ ஜல்லி 50 மில்லிமீட்டர் என்றால் நமக்கு இரண்டு சொச்சம். கிரஷரில் கிடைக்கும் மிகச் சிறிய சிப்ஸை வாங்கித் தூளைச் சலித்துவிட்டுப் போடுங்கள். மீன்தொட்டிக் கூழாங்கல் உருண்டை, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் உருண்டுவிடும். எம்-சாண்ட் ஐப்பசி மழைக்கே அடித்துக்கொண்டு போகும். மரப்பலகையில் தளம் அமைத்தால் கறையானுக்கு விருந்து. ஹாலோ பிளாக் அடுக்கி முழங்காலுக்கு மேல் உயர்த்துங்கள், முதுகும் தப்பிக்கும். முருங்கை, வேம்பு அடியில் பாதை வேண்டாம். உதிர்வதைக் கூட்டியே பொழுது போய்விடும். மரங்களுக்குப் பதில் சிறிய இலைச் செடிகள் போதும், துளசியும் குட்டை இட்லிப்பூவும் கத்தரித்தால் நன்றாக நிற்கும்.

நிஜமாகவே நீராவியில் ஓடும் எஞ்சின் என்றால் போர்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதிகலனில் உப்புப் படியும். சிலிண்டருக்கு ஸ்டீம் ஆயில்தான், பைக் ஆயில் ஆகாது. எரிபொருளான பியூட்டேன் வாயு நிரப்புவதைத் திறந்த வெளியில், பக்கத்தில் வேறு எஞ்சின் எரியாதபோது செய்யுங்கள். எரிகிற எஞ்சினை மர ஷெட்டுக்குள் தள்ளவே வேண்டாம்.