ஆரணிக்கு முன் தரமணி: பத்திரிகையாசிரியர் வீட்டு வேர் தேடி வருவோருக்கு

கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்தில் பத்திரிகை ஆசிரியராக இருந்தார் என்று வீட்டில் கேள்விப்பட்டு, வட ஆற்காட்டுப் பக்கம் தேடி வருகிறீர்களா? விமானம் இறங்கியதும் நேராக ஊருக்கு வண்டி பிடிக்காதீர்கள். முதலில் சென்னையில் இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள்.

ஆரணி குப்புசாமி முதலியாரை எடுத்துக்கொள்வோம். 1915இல் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’ மாத இதழின் ஆசிரியர். ஆங்கிலக் கதைகளைத் தழுவித் துப்பறியும் நாவல்களாக எழுதிக் குவித்தவர். 1925இல் காலமானார். சொந்த ஊர் ஆரணி என்றாலும் இதழ் வெளிவந்தது சென்னையில். இவரைப் போன்றவர்களின் உழைப்பு நூலகங்களில் கிடக்கிறது, குடும்பத்தின் சுவடு ஊரில் கிடக்கிறது. முதலாவதைப் பார்க்காமல் இரண்டாவதைத் தேடினால் கேட்கவே கேள்வி இருக்காது.

சென்னை தரமணியில் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் காத்துவரும் ரோஜா முத்தையா நூலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி, எந்த இதழ், எந்த ஆண்டு என்று சொல்லிவையுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே துழாவலாம். கட்டுரையோடு நிறுத்திவிடாதீர்கள். அட்டை, விளம்பரம், சந்தாதாரருக்கான அறிவிப்பு, இரங்கல் குறிப்பு எல்லாவற்றையும் பாருங்கள். தெருப் பெயரும் உறவினர் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கிடைத்ததைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையோடு கொண்டுபோங்கள். வெறும் பெயரைச் சொன்னால் “தெரியலையேப்பா” என்பார்கள். பழைய அட்டையைக் காட்டினால் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள்.

அப்புறம் மாவட்டக் குழப்பம். 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூர், இன்று அது ஆந்திராவில். 1989இல் வட ஆற்காடு இரண்டானது. ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போனது, மிச்சம் பின்னாளில் வேலூர் மாவட்டமானது. 2019இல் வேலூர் மறுபடி பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டங்களாயின. ஆகவே “வேலூர் மாவட்டம்” என்று மட்டும் எழுதி எந்த அலுவலகத்திலும் மனு கொடுக்காதீர்கள். ஊர், வட்டம் இரண்டையும் எழுதுங்கள். ஆரணி ஜாகீர் ஊர், அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு ஒருவருக்கு மானியமாக விடப்பட்ட ஊர், என்பதால் பழைய நில விவரம் தேடுவோருக்குப் பொறுமை வேண்டும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சொத்துப் பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகம். அதன் வாசலில் இருக்கும் பத்திர எழுத்தரிடம் முதலில் பேசுங்கள். அவர்களுக்குத் தெரியாத குடும்பம் குறைவு.

போக்குவரத்து எளிது. ரயிலில் காட்பாடி, அங்கிருந்து வேலூர் பேருந்து நிலையம், பிறகு ஆரணி பஸ். ‘ஆரணி ரோடு’ என்ற ரயில் நிலையம் இருப்பது களம்பூரில், ஊருக்குள் இல்லை. ஏப்ரல், மே வெயிலில் பெரியவர்களை அழைத்து வராதீர்கள். ஜனவரி இதமானது, ஆனால் பொங்கல் வாரத்தில் அலுவலகம் எதுவும் நடக்காது.

உறவு என்று யாரையாவது கண்டுபிடித்தால் முதல் நாளே சொத்துப் பேச்சை எடுக்காதீர்கள், சந்தேகம் வந்துவிடும். காபி குடியுங்கள், உங்கள் வீட்டுக் கிளையைச் சொல்லுங்கள், பாட்டிகளிடம் கல்யாணம் யாருக்கு எந்த ஊரில் என்று கேளுங்கள். ஆண்கள் மறந்த உறவுமுறை அவர்களுக்கு நினைவிருக்கும். படம் எடுக்கவும் பெயரை இணையத்தில் போடவும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டுவந்த இதழ்ப் படிகளில் ஒன்றை அவர்களிடமும் இன்னொன்றை ஆரணி நூலகத்திலும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.