சிப் வெள்ளையாகவே இருந்தால் தண்ணீர் சுத்தமா? குரோமியம் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காகித மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பில் (நுண்ணிய பாதைகளில் வினைபொருளை உலர்த்தி வைத்த சிறு காகிதத் துண்டு) தண்ணீரில் உள்ள குரோமியம் பார்க்கும்போது ஊதா நிறம் வந்துவிட்டால் பெரிய குழப்பமில்லை. நிறம் வராதபோதுதான் ஏமாறுகிறோம்.

முதல் தவறு, சிப் எதைப் பார்க்கிறது என்று தெரியாமல் இறங்குவது. சிப்பில் ஊதா நிறம் தரும் வினைபொருளான டைஃபினைல்கார்பசைடு, குரோமியத்தின் இரு வடிவங்களில் குரோமியம்-6 (ஆறு இணைதிறன் கொண்டது) உடன் மட்டுமே நிறம் தரும், குரோமியம்-3 உடன் தராது. தோல் பதனிடும் ஆலைக் கழிவில் பெரும்பாலும் இருப்பது குரோமியம்-3. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் இருந்து கசிவதோ குரோமியம்-6. ஆக, முதல் வகைத் தண்ணீரில் சிப் வெள்ளையாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 சொல்லும் லிட்டருக்கு 0.05 மி.கி. வரம்பு மொத்தக் குரோமியத்துக்கானது. சிப் காட்டும் எண்ணை நேராக அதோடு ஒப்பிடக் கூடாது. மாதிரியில் உள்ள குரோமியத்தை முன்கூட்டியே அடர்த்தியாக்கும் செறிவூட்டல் இல்லாத சாதாரணக் காகிதச் சிப்பில் அந்த 0.05-ஐப் பிடிப்பதும் கடினம். குரோமியம் இல்லாத வெற்று நீரைப் பத்து சிப்பில் ஓட்டி, சராசரியோடு திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் உங்கள் சிப்பின் உண்மையான எல்லை தெரியும்.

மாதிரி எடுக்கும்போதே கெடுப்பது அடுத்தது. ஈயம், காட்மியத்துக்கு நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுபோவது சரிதான். அதே பழக்கத்தில் இங்கேயும் அமிலம் விட்டு வைத்தால், தண்ணீரில் உள்ள கரிமப்பொருள் குரோமியம்-6-ஐ 3 ஆக்கிவிடும். அமிலமில்லாமல் ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதியுங்கள். கலங்கலாக இருந்தால் 0.45 மைக்ரான் சிரிஞ்ச் வடிகட்டி. முதல் சில மில்லியைக் கொட்டிவிடலாம்.

வினைக்கு பி.எச். 2 அளவில் வேண்டும். பலரும் கவனிக்காத இடம் இதுதான். உப்பும் காரத்தன்மையும் மிகுந்த நிலத்தடி நீர், சிப்பில் உலர்த்தி வைத்த அமிலத்தை விழுங்கிவிடும். காரத்தன்மை லிட்டருக்கு 500 மி.கி. (கால்சியம் கார்பனேட்டாக) உள்ள நீரில் 20 மைக்ரோலிட்டர் எடுத்தால், அதை நடுநிலையாக்கவே 0.2 மைக்ரோமோல் ஹைட்ரஜன் அயனி போய்விடும். 0.05 மோலார் சல்ஃபூரிக் அமிலம் 2 மைக்ரோலிட்டர் உலர்த்தியிருந்தால் அது தருவதும் (ஒரு மூலக்கூறுக்கு இரண்டு வீதம்) அதே 0.2 தான்; மிச்சம் ஒன்றுமில்லை. அடர்த்தியைக் கூட்டலாமே என்றால், உலர உலர அது காகிதத்தையே அரித்துவிடும். 5 மில்லி மாதிரியைக் குப்பியில் எடுத்து, சோதனைக்குச் சற்று முன் 10% சல்ஃபூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். தாளில் 2 பார்த்தபின் சிப்பில் விடுவதே நம்பகமான வழி.

டைஃபினைல்கார்பசைடு 0.25 கிராமை 50 மில்லி அசிட்டோனில் கரைத்து, பழுப்பு பாட்டிலில் ஃபிரிட்ஜில் வையுங்கள். நிறம் மாறினால் தூக்கிப் போடுங்கள்.

நிறத்தை ஒப்பிட, குரோமியம் அளவு தெரிந்த அளவுகோல் கரைசல் தயாரிப்பதில் ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கும். பொட்டாசியம் டைகுரோமேட்டின் எடையில் குரோமியம் 35.4% மட்டுமே. 141.4 மி.கி. உப்பை ஒரு லிட்டரில் கரைத்தால்தான் 50 மி.கி./லிட்டர் குரோமியம். உப்பின் எடையையே குரோமியம் என்று எழுதினால் முடிவுகள் சுமார் 2.8 மடங்கு வீங்கும். (டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும்; கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சிங்க்கில் ஊற்றாதீர்கள்.)

நிறத்தை நீர் விட்ட 5 முதல் 10 நிமிடத்துக்குள் படியுங்கள்; எல்லாச் சிப்பிலும் நீர் விட்டதிலிருந்து அதே இடைவெளி இருக்கட்டும். வெயிலில் சிறு துளி அதற்குள் காய்ந்து ஓரத்தில் வளையம் கட்டும். நீர் விடும் இடம் தவிர மற்றதை ஒளிபுகும் டேப்பால் மூடிவிடுங்கள். போன் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலையை அணைத்து, மூடிய பெட்டிக்குள் ஒரே எல்.இ.டி. வெளிச்சத்தில் எடுங்கள். ஊதா நிறம் 540 நானோமீட்டர் அளவில் ஒளியை உறிஞ்சுவதால் படத்தின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளில் பார்க்க வேண்டியது பச்சையின் எண், சிவப்பு அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் சிப் வெள்ளையாக இருந்தால், அதே தண்ணீரில் 5 மில்லி எடுத்து மேலே சொன்ன 50 மி.கி./லிட்டர் டைகுரோமேட் கரைசலில் 0.1 மில்லி சேர்த்து, மறுபடி பி.எச். பார்த்து, புதிய சிப்பில் விடுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 1 மி.கி. குரோமியம் இப்போது அதில் இருக்கிறது. அப்போதும் நிறம் வராவிட்டால் அந்த முடிவை "இல்லை" என்று பதியாமல் "சோதனை செல்லாது" என்று பதியுங்கள்.