சீன எழுத்தைக் கணினியில் அடிப்பது எப்படி?

விசைப்பலகை எதுவும் புதிதாக வாங்க வேண்டாம். விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் எளிய சீனத்தை (Chinese Simplified) சேருங்கள், அப்புறம் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும். சீனச் சொல்லின் உச்சரிப்பைப் பின்யின் என்ற முறைப்படி ஆங்கில எழுத்தில் அடித்தால் அதற்குரிய சீன எழுத்துகளின் பட்டியல் வரும், வேண்டியதன் எண்ணை அழுத்துங்கள். குரல் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தொனிக் குறி தேவையில்லை. ஒவ்வோர் எழுத்தாக அடித்தால் தேடியே பொழுது போய்விடும், முழுச் சொல்லாக அடியுங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: குழித்துறை என்று எழுத நாம் போடும் இசட்-எச் (zh) பின்யினில் 'ழ' இல்லை, நாக்கை மடித்துச் சொல்லும் ஒரு 'ஜ', சீனாவின் பெயரான ஜோங்குவோ அதில்தான் தொடங்குகிறது. பெண்ணைக் குறிக்கும் சீனச் சொல்லில் (nü) யு மேல் இரட்டைப் புள்ளி வருமே, அதற்கு வி விசை. இது தெரியாமல் நான் ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.