கல்லூரி ஃபுட்பாலில் அடிபட்டால் யார் பொறுப்பு? பலரும் செய்யும் தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, 2013-ல் மேரிலாந்து நீதிமன்றம் ஒன்றில் பதில் மனு தாக்கல் செய்தது. இங்கே ஃபுட்பால் என்பது நம்மூர் கால்பந்து இல்லை, ஆளோடு ஆள் மோதி வீழ்த்தி ஆடும் அமெரிக்க ஆட்டம். ஃப்ராஸ்ட்பர்க் ஸ்டேட் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் ஆடிய டெரெக் ஷீலி, 2011 ஆகஸ்டில் பயிற்சியின்போது தலையில் பட்ட அடியால் இறந்துபோனார். நெற்றியில் ரத்தம் வழிந்தும், உடம்பு சரியில்லை என்று சொல்லியும் அவரைத் தொடர்ந்து மோதவிட்டார்கள் என்பது குடும்பத்தின் புகார். மாணவ வீரர்களைப் பாதுகாக்கும் சட்டக் கடமை தனக்கு இருக்கிறது என்பதையே மறுப்பதாக என்.சி.ஏ.ஏ. அந்தப் பதிலில் எழுதியிருந்தது.

இதைக் கேட்டுக் கொதித்தவர்கள் நிறையப் பேர். கொதிப்பு நியாயமானதுதான். 1905 சீசனில் பள்ளி, கல்லூரி என எல்லா மட்டங்களிலும் சேர்த்து 18 பேர் இந்த ஆட்டத்தில் இறந்ததாக அன்றைய பத்திரிகைகள் கணக்குச் சொன்னன. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். அதன் தொடர்ச்சியாக 1906-ல் உருவான அமைப்புதான் பிறகு என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாறியது. வீரர்கள் சாகக்கூடாது என்பதற்காகப் பிறந்த ஓர் அமைப்பு, பாதுகாப்பது என் கடமை இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்வதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மனம் ஏற்காதது வேறு, சட்டம் ஏற்காதது வேறு. இந்த வழக்குகளைப் படிப்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ஆட்டத்தை நடத்துபவர் என்பதாலேயே சட்டப் பொறுப்பு தானாக வந்துவிடாது. அலட்சியம் என்று வழக்குப் போட்டால், கடமை இருந்ததா, அது மீறப்பட்டதா, அந்த மீறலால்தான் தீங்கு வந்ததா, தீங்கு எவ்வளவு என்று நான்கையும் நிரூபிக்க வேண்டும். முதல் படியிலேயே வழக்கை வீழ்த்தத்தான் என்.சி.ஏ.ஏ.யின் வக்கீல்கள் அப்படி எழுதினார்கள். அப்புறம் அந்தப் பதில் மனுவைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும் தவறு. ஷீலி வழக்கு 2016-ல் 12 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. கடமை உண்டா இல்லையா என்ற கேள்வி அதோடு நின்றுவிட்டது.

நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசுவதும் இல்லை. நோட்டர்டேம் வளாகத்தில் நடந்த வாள்வீச்சுப் போட்டியில் ஒரு மாணவிக்குக் கண்ணில் காயம் பட்ட வழக்கில், என்.சி.ஏ.ஏ.க்கு அவர்மீது கடமை இல்லை என்று இந்தியானா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் சொன்னது. விதி எழுதுவது அமைப்பு, அன்றாடக் கட்டுப்பாடு கல்லூரியிடம் என்பது அதன் வாதம். அடுத்த ஆண்டே பென்சில்வேனியாவில் வேறு மாதிரி நடந்தது. ஸ்லிப்பரி ராக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் ஒருவர், சிக்கிள் செல் மரபணுக்கூறு (ரத்தச் சிவப்பணுக்களைப் பாதிக்கும், கடும் பயிற்சியில் ஆபத்தாகக்கூடிய பரம்பரைக் கூறு) தன்னிடம் இருப்பது தெரியாமலே 2011-ல் கடும் பயிற்சிக்குப் பின் இறந்தார். அதற்கு முன்பே, 2006-ல் ரைஸ் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர் டேல் லாய்டின் மரணத்துக்குப் பிறகு, முதல் பிரிவுக் கல்லூரிகளில் (என்.சி.ஏ.ஏ. பிரித்து வைத்திருக்கும் பிரிவுகளில் மேல்மட்டம்) இதற்கான ரத்தப் பரிசோதனையை என்.சி.ஏ.ஏ. 2010 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. இரண்டாம் பிரிவில் அப்போது அந்த விதி இல்லை. ஸ்லிப்பரி ராக் இரண்டாம் பிரிவு. ஆபத்து தெரிந்து ஒரு பிரிவைக் காத்துவிட்டு இன்னொன்றை ஏன் விட்டீர்கள் என்ற குடும்பத்தின் வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளியது சரியல்ல, அது தொடரலாம் என்று மேல்முறையீட்டில் தீர்ப்பானது. ஆகவே "என்.சி.ஏ.ஏ. பொறுப்பு" என்றோ "பொறுப்பே இல்லை" என்றோ அடித்துச் சொல்பவரிடம், எந்த மாநிலத்தில் என்று முதலில் கேளுங்கள்.

எல்லாப் பழியையும் என்.சி.ஏ.ஏ. தலையில் போட்டுவிட்டு கான்ஃபரன்ஸை மறந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. பிக் டென், எஸ்.இ.சி., ஐவி லீக் போன்ற லீகுகளைத்தான் அங்கே கான்ஃபரன்ஸ் என்கிறார்கள். கல்லூரிக்கும் என்.சி.ஏ.ஏ.க்கும் நடுவில் இருக்கும் இவை அட்டவணை போடுகின்றன, டிவி ஒப்பந்தம் செய்கின்றன, கூடுதல் விதிகளும் வகுக்கின்றன. நாங்கள் வெறும் ஒருங்கிணைப்பாளர்கள் என்று இவை சொல்லும்போது ஐவி லீகை நினைத்துப் பார்க்க வேண்டும். 2016-ல் ஐவி லீக் ஒரு சோதனை செய்தது. ஆட்டத் தொடக்கத்தில் பந்தை உதைக்கும் கிக்ஆஃபை 35-ஆம் கெஜக் கோட்டிலிருந்து 40-க்கு நகர்த்தியது. பந்து இன்னும் தள்ளிப் போய் விழுவதால், எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடுவது குறையும். இரண்டு பக்கமும் முழு வேகத்தில் ஓடிவந்து மோதிக்கொள்ளும் தருணம் அதுதான். விளைவை ஆராய்ந்த கட்டுரை 2018-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. 1,000 கிக்ஆஃபுக்குச் சுமார் 11 ஆக இருந்த மூளை அதிர்ச்சி, 2 ஆகக் குறைந்திருந்தது. வெறும் ஐந்து கெஜம்! சீசன் நடக்கும் மாதங்களில் பயிற்சியின்போது ஆளை முழுமையாக மோதி வீழ்த்துவதையும் அதே ஆண்டு அந்த லீக் நிறுத்தியது. ஒரு லீகின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதிகாரம் இருக்கும் இடத்தில் கடமையும் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கையெழுத்துப் போட்டாச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது

பெற்றோர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். சீசன் தொடங்குமுன் வீரர்களிடம் ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். எந்தக் காயத்துக்கும் கல்லூரி பொறுப்பில்லை என்று அதில் இருக்கும். வீரருக்கு அடிபட்டதும் குடும்பம் அந்தப் பாரத்தை நினைத்து வாயை மூடிக்கொள்ளும்.

பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகரில் லாக்கவானா கல்லூரி இருக்கிறது. அங்கே வீரர்களின் காயங்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை அத்லெடிக் டிரெய்னராக வேலைக்கு எடுத்தார்கள். இருவரும் அதற்கான சான்றிதழ் தேர்வில் தேறவில்லை, உரிமமும் இல்லை. அது தெரிந்ததும் கல்லூரி அவர்களின் பதவிப் பெயரை "முதலுதவியாளர்" என்று மாற்றிவிட்டு, அவர்களையே வைத்துக்கொண்டது. 2010 மார்ச்சில் வசந்தகாலப் பயிற்சியின் முதல் நாள், இரண்டு பேரை நேருக்கு நேர் மோதவிடும் ஓக்லஹோமா டிரில் நடந்தது. ஒரு மாணவருக்கு முதுகெலும்பு முறிந்தது. இன்னொருவருக்குத் தோளில் அடிபட்டது. சரியாகிவிட்டால் ஆடலாம் என்று முதலுதவியாளர் விட, அவர் திரும்பப் போய் மோதினார். கைக்குப் போகும் நரம்புகள் சேதமாயின. இருவருமே பாரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்.

வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019-ல் வந்த தீர்ப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். பயிற்சியின்போது உரிமம் பெற்ற டிரெய்னரை வைத்திருப்பது அந்தக் கல்லூரியின் கடமை என்றது நீதிமன்றம். கையெழுத்திட்ட பாரம் சாதாரண அலட்சியத்துக்குத்தான் கேடயமாகும். கடும் அலட்சியம், விளைவைத் தெரிந்தே அசட்டை செய்தது ஆகியவற்றுக்கு ஆகாது என்றும் சொன்னது. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1988-லேயே ஒரு படி மேலே போய், பள்ளி விளையாட்டில் சேர இப்படிப்பட்ட பாரத்தைக் கட்டாயமாக்குவதே செல்லாது என்று தீர்த்திருக்கிறது. பாரம் இருக்கிறதே என்று வழக்கறிஞரைப் பார்க்காமலே விடாதீர்கள். பாரத்தில் ஒன்றுமில்லை என்று அலட்சியமாகக் கையெழுத்துப் போடவும் கூடாது.

இதன் இன்னொரு வடிவம்தான் "ஃபுட்பால்னா அடிபடத்தான் செய்யும்" என்ற பேச்சு. ஆட்டத்தோடு ஒட்டியே இருக்கும் ஆபத்தை ஆடுபவர் ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கொள்ளும். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1992-ல் இதை விளக்கியபோது, அந்த இயல்பான ஆபத்தைக் கூட்டாமலிருக்கும் கடமை உண்டு என்றும் சேர்த்தே சொன்னது. சரியாக ஆடப்பட்ட மோதலில் முட்டி உடைவது ஆட்டத்தின் ஆபத்து. வெயிலில் சுருண்டவரைக் குளிர்விக்காமல் வைத்திருப்பது எந்த ஆட்டத்தின் பகுதியும் இல்லை.

அப்படித்தான் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2018 மே 29 அன்று, 19 வயது ஜோர்டன் மெக்நேர் 110 கெஜ ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடும் பயிற்சியில் தள்ளாடினார். அறிகுறி தெரிந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் அவசர உதவி எண்ணான 911-க்கு அழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் உடல் வெப்பம் 106 டிகிரி ஃபாரன்ஹீட். ஹீட் ஸ்ட்ரோக்குக்கு வைத்தியம் தெரியாத காலம் இல்லை அது. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் உடனே இறக்கி, முதலில் குளிர்வித்து, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்று என்பது விளையாட்டு மருத்துவத்தின் பாலபாடம். அவரைத் தொட்டியில் இறக்கவே இல்லை. ஜூன் 13 அன்று இறந்தார். பல்கலைக்கழகத் தலைவர் வாலஸ் லோ, சட்டப்படியும் தார்மிகமாகவும் பொறுப்பேற்பதாகப் பகிரங்கமாகச் சொன்னார். 2021-ல் 35 லட்சம் டாலர் சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இந்தச் சாவைப் பற்றிப் பேசும்போது "விளையாட்டில் இதெல்லாம் சகஜம்" என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பணக் கணக்கில் நடக்கும் குழப்பங்கள்

தொழில்முறை லீகான என்.எஃப்.எல்., மூளைப் பாதிப்பு வழக்கில் முன்னாள் வீரர்களுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் கொடுத்திருக்கிறது. கல்லூரி வீரர்களுக்கும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2019-ல் இறுதி ஒப்புதல் பெற்ற என்.சி.ஏ.ஏ. சமரசம் 7.5 கோடி டாலர். அதில் 7 கோடி, முன்னாள் வீரர்களுக்கு 50 ஆண்டு காலம் மருத்துவப் பரிசோதனை செய்ய. மீதி 50 லட்சம் ஆராய்ச்சிக்கு. நோய் வந்தவர் கையில் கொடுக்கும் நஷ்டஈடு அதில் கிடையாது. தனக்கு வந்த பாதிப்புக்குத் தனியாக வழக்குப் போடும் உரிமை வீரருக்கு இருக்கிறது. இது தெரியாமல், எல்லாம் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

ஜூரி அறிவித்த தொகை முழுசாகக் கைக்கு வரும் என்று நம்புவது இன்னொரு பிழை. சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக வீரர் எரெக் பிளான்சர் 2008 மார்ச்சில் பயிற்சியில் இறந்தார். அவருக்கும் சிக்கிள் செல் மரபணுக்கூறு. 2011-ல் ஜூரி ஒரு கோடி டாலர் தரச் சொன்னது. 2015-ல் மாநில உச்ச நீதிமன்றம், அங்கே விளையாட்டை நடத்தும் சங்கம் அரசின் கை போன்றது, அரசுக்குள்ள சட்டப் பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று சொல்ல, தொகை இரண்டு லட்சம் டாலராகச் சுருங்கியது. ஒரே ஆட்டம், ஒரே சாவு. தனியார் கல்லூரியாக இருந்திருந்தால் கதை வேறு. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் வழக்குக்கு முன் அனுப்ப வேண்டிய முன்னறிவிப்புக் கடிதத்துக்கும் பல மாநிலங்களில் குறுகிய கெடு உண்டு.

சம்பளம் கொடுத்து ஊழியராக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். கொலராடோ உச்ச நீதிமன்றம் 1953-ல் ஒரு ஃபுட்பால் வீரரை ஊழியராக ஏற்றது. 1957-ல், ஆட்டத்தில் இறந்த இன்னொருவரின் மனைவிக்கு மறுத்தது. கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ.மேல் போட்ட "ஹவுஸ்" என்ற வழக்கில் 2025-ல் ஒப்புதல் பெற்ற சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தருவதால் இந்தக் கேள்வி மறுபடி உயிர்பெற்றிருக்கிறது. ஊழியர் என்றால் யார் தவறு என்று நிரூபிக்காமலே தொழிலாளர் நஷ்டஈடு கிடைக்கும். அதற்கு விலையாக, அலட்சியத்துக்கு முதலாளிமேல் வழக்குப் போடும் உரிமை பெரும்பாலும் போய்விடும்.

காலமும் காரணமும்

நாற்பது வருஷம் முன்னால் ஆடியவர் இப்போது என்ன செய்ய முடியும் என்று கைவிடுவதும் அவசரம்தான். 1970-களில் நோட்டர்டேமில் ஆடிய ஸ்டீவ் ஷ்மிட்ஸுக்குத் தலையில் பட்ட அடிகளால் வரும் சி.டி.இ. என்ற மூளை நோய் இருப்பதாக 2012-ல் மருத்துவர்கள் சொன்னார்கள். 2014-ல் வழக்குத் தொடுத்தார். காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தை, இந்தக் கட்டத்திலேயே வழக்கைத் தள்ள அது போதாது என்று ஒஹையோ உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒதுக்கியது. நோயும் அதன் காரணமும் தெரியவந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும் என்ற பார்வை அது. ஆனால் தெரிந்த பிறகு ஓட ஆரம்பிக்கும் கெடு சின்னது. ஒஹையோவில் இரண்டே வருஷம்.

காரணத்தை நிரூபிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். 1990-ல் ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தை வென்ற தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணியில் இருந்த மேத்யூ ஜீ, 49 வயதில் 2018-ல் இறந்தார். மூளையில் சி.டி.இ. இருந்தது. மனைவி 5.5 கோடி டாலர் கேட்டார். மூளை அதிர்ச்சி வந்தவரை ஆட்டத்திலிருந்து விலக்கி வைக்கச் சொல்லும் மருத்துவக் கையேட்டை என்.சி.ஏ.ஏ. 1933-லேயே வெளியிட்டிருந்தது. இருந்தும், ரத்த அழுத்தமும் கோகைனுமே சாவுக்குக் காரணம் என்று என்.சி.ஏ.ஏ. தரப்பு வாதிட, 2022 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி கோரிக்கையை நிராகரித்தது. இத்தகைய வழக்குகளில் ஜூரி தீர்ப்பு வரை வந்த முதல் வழக்கு இது. அதனால் இனி யாரும் ஜெயிக்க முடியாது என்று எழுதினார்கள். ஒரு ஜூரியின் முடிவு அடுத்த ஜூரியைக் கட்டுப்படுத்தாது. 1969-ல் தேசியப் பட்டம் வென்ற டெக்சஸ் அணியின் கிரெக் பிளோட்ஸ் வழக்கு, 2018-ல் விசாரணை தொடங்கிய சில நாளிலேயே சமரசமானதையும் கூடவே சொல்ல வேண்டும்.

காரணத்தை நிரூபிக்க ஆவணம் வேண்டும். என்றைக்கு அடிபட்டது, யார் பார்த்தார்கள், எப்போது திரும்ப ஆடவிட்டார்கள் என்பதெல்லாம் அணியின் மருத்துவக் கோப்பில் இருக்கும். 18 வயது நிறைந்த மகனின் கோப்பைப் பெற்றோர் கேட்டாலும் அவருடைய எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கல்லூரி பொதுவாகத் தராது. மூளையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவரால் அதை எழுதித் தரவும் முடியாது. 2024 ஆகஸ்ட் முதல், ஆட்டக் காயங்களுக்குப் படிப்பு முடிந்தும் இரண்டு ஆண்டு மருத்துவச் செலவை முதல் பிரிவுக் கல்லூரிகள் ஏற்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. அதைக் கோருவதற்கும் இதே கோப்புதான் தேவை. ஆகஸ்டில் மற்ற பாரங்களில் கையெழுத்துப் போடும் அன்றே, மருத்துவக் கோப்பைப் பெற்றோருக்குக் காட்டலாம் என்ற அனுமதிப் பாரத்திலும் மகனைக் கையெழுத்துப் போடச் சொல்லி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.